சீக்குக் கோழியைத் தானம் கொடுக்கும் மகனுக்கு

கதிர்,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உனக்கு இது சிரிப்பாக இருக்கும். நாலு எட்டு நடந்தால் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு உன் பழைய பாலிடெக்னிக் நோட்டில் எட்டுப் பக்கம் கிழித்திருக்கிறேன். ஆனால் நேரில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை நீ உனக்குத் தோன்றியபடி முடித்துவைப்பாய், இருவரும் சாப்பிடப் போய்விடுவோம். நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து நாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். உறையில் போட்டு ஒட்டவில்லை. டி.வி. பக்கத்தில் திறந்தே வைப்பேன். உன் அப்பாவும் படிக்கட்டும், இதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூருக்குப் போகிறாய். முதல் வேலை. பெட்டி கட்டுவதும் ஊறுகாய் வைப்பதும் தானாக நடக்கும், அதற்காக நான் உட்காரவில்லை. நேற்று புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் வேலையை முடித்துவிட்டு வரும்போது மும்தாஜ் அக்கா தெருமுனையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெருவில் இருந்துகொண்டு, நம் சாரம் பகுதியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் நாட்டுக்கோழி முட்டை கொண்டுபோய்க் கொடுக்கிறவர். நீ பெரிம்மா என்று கூப்பிடுகிறவர். முகமெல்லாம் சிரிப்பு.

"உன் புள்ள தங்கம்மா! அந்தக் கருஞ்சேவல்மேல மட்டும்தான் எனக்குக் கண்ணு. 'அது மட்டும் இன்னாத்துக்கு பெரிம்மா, ஒம்போதையும் எடுத்துக்குங்க, நான் ஊருக்குப் போறேன், யாரு பாத்துக்குவா'ன்னுட்டான். சும்மாவே குடுக்குறானாம்! கோழி கவுக்கற பஞ்சாரத்தக் கழுவி வெயில்ல போட்டுட்டேன். சனிக்கெழம காலைல வரட்டா?"

நான் "ம்" என்றேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் நீ கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து போனில் வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தாய்: "வளத்த கோழிய விக்கக் கூடாது நண்பர்களே, நல்ல எடத்துல குடுத்துட்டுப் போவணும்." உன் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து எனக்கு இப்படி ஆனது இதுதான் முதல் தடவை. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஒன்பது கோழிகள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பேன். பொங்கல் கழிந்து வாரச்சந்தையில் ஐந்து கோழி வாங்கி வந்தாய். மூக்கைப் பார்த்தாயா? இறக்கையைத் தூக்கிப் பார்த்தாயா? வீடியோ எடுத்தாய். அன்று சாயங்காலமே நம் கோழிகளோடு சேர்த்து விட்டாய். "கொஞ்ச நாள் தனியா வெக்கலாமாடா?" என்று நான் கேட்டேன். என் குரல் சின்னதுதான், ஆனாலும் கேட்டேன். நீ என் பக்கம் போனைத் திருப்பி, "எங்கம்மா கோழிக்கும் குவாரன்டைன் போடச் சொல்றாங்க பாருங்க!" என்றாய். அந்த வீடியோவுக்குக் கீழே யார் யாரோ சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பியிருந்தார்கள். ஒருவன், "ஆன்ட்டி, மாஸ்க்கும் வாங்கிக் குடுங்க" என்று எழுதியிருந்தான். நோய்க் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் ஜன்னலைச் சாத்திய பிள்ளை நீ.

நாலாம் நாள் சிவப்புப் பெட்டைக்குத் தும்மல். ஒரு வாரத்துக்குள் பாதிக் கூண்டுக்குத் தொண்டையில் கொர் கொர். மூக்கில் ஒழுகல், முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிப்போனது. கிட்டே போனால் அழுகின மாதிரி ஒரு நாற்றம். நீ என்ன செய்தாய்? எனக்குப் பல் பிடுங்கியபோது மிஞ்சிய மாத்திரைகளை இடித்துச் சோற்றில் பிசைந்து வைத்தாய். 'கோழிச் சளிக்கு ஒரே நாளில் தீர்வு' என்று அதையும் வீடியோவாகப் போட்டாய். மறுநாள் இரண்டு செத்தன. அந்த இரண்டும் உன் வீடியோவில் எங்கும் இல்லை. உன்னை நம்பி எத்தனை பேர் எத்தனை கூண்டுகளில் மாத்திரை இடித்தார்களோ! ஒருவராவது "எங்கள் கோழி செத்துவிட்டது" என்று எழுதியிருப்பார். நீ அதை அழித்திருப்பாய். எனக்கு அது தெரியாது, ஆனால் உன்னைத் தெரியும்.

சிவப்புப் பெட்டையை அட்டைப்பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனது நான். எதிரில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. இரண்டாம் தடவை நீயும் வந்தாய். அந்த டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கை கழுவிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்.

"இது கொரைசா. நீங்க சளின்னு சொல்றீங்களே, அதுதான். மருந்து தரேன், தேறிடும். ஆனா தேறுன கோழி சுத்தமாயிடுச்சின்னு நெனைக்காதீங்க. கிருமி உள்ளயே ஒக்காந்திருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆவாது, புதுசா ஒரு கோழி பக்கத்துல வந்தா அதுக்குத் தொத்திடும். அதனால இந்தக் கூட்டத்துக்குள்ள புதுசு விடாதீங்க, இதுல இருந்து ஒண்ணுகூட வெளியவும் குடுக்காதீங்க. முடியாதுன்னா மொத்தத்தையும் அறுத்துக் கழிச்சிட்டு, கூண்டக் காலி போட்டு, புதுசா ஆரம்பிங்க. திடீர்னு கூட்டமா செத்தா மட்டும் தொடாம எங்களுக்குச் சொல்லுங்க, அது வேற."

நீ மூன்று தடவை "ஓகே மேம்" என்றாய். நான் எண்ணினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்தக் கூண்டைப் பார்த்தது யார் என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். காலையில் முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி, தண்ணீர். அதன் பிறகுதான் சீக்குக் கோழிகளுக்கு. மாற்றிச் செய்யக்கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு தட்டு, வேறு செருப்பு. கண்ணைத் துடைத்த துணியைக் கொதிக்கும் நீரில் போடுவது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது. உன் அப்பா வாசலில் நின்று, "பி.எஸ்சி. மேடம் ஆபரேசன் தியேட்டரு நடத்துறாங்கடா" என்றார். நீ சிரித்தாய். அந்த வேலையில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு நோய் அடுத்த உயிருக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒருவர் தினமும் சலிக்காமல் அற்பமான காரியங்களைச் செய்ய வேண்டும். படம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. உனக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கருஞ்சேவல் மூச்சுக்குத் திணறிய அன்று அதை மடியில் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாய். ஒரு மணி நேரம் அசையவில்லை. உன் கால் மரத்துப்போனது. அந்த ஒரு மணி நேரம் உன்னை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு அதைத் தரையில் விட்டுவிட்டுக் கை கழுவாமல் போனை எடுத்தாய்.

இப்போது அவை தேறிவிட்டன. கொண்டை சிவந்து, இறகு மினுமினுவென்று, சேவல் கூவுகிறது. பார்க்கிற யாருக்கும் ஆசை வரும். ஆபத்தே அதுதான். நீ அவற்றை மும்தாஜ் அக்காவுக்குக் கொடுப்பதற்குக் காரணம் இரக்கம் அல்ல. உனக்கு அவற்றை அறுக்க மனம் இல்லை, விற்றால் விசாரிப்பார்கள், வைத்துவிட்டுப் போனால் நான் முணுமுணுப்பேன். மூன்று தொல்லையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்குத் தானம் என்று பெயர் வைத்து, உன்னை நம்புகிற ஒரு பெண்ணின் தலையில் வைக்கிறாய். அவர் உனக்கு நன்றியும் சொல்ல வேண்டும்! திருடனிடம்கூட ஒரு நேர்மை இருக்கிறது. வாழ்த்து வாங்கிக்கொண்டு போவதற்காக அவன் வாசலில் நிற்பதில்லை.

இந்தக் கெட்டிக்காரத்தனம் உனக்கு வானத்திலிருந்து வரவில்லை. உன் அப்பா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோழிக்குச் சீக்கு வந்தால், பார்க்க நன்றாக இருக்கிற இரண்டைப் பொறுக்கி, இனம் பெருக்கட்டும் என்று தெரிந்த வீட்டுக்கு 'வித்துக்கு' அனுப்பிவிடுவார்கள். இங்கே எல்லாம் போனாலும் அங்கே வித்து நிற்கும், பிறகு குஞ்சு வாங்கிக்கொள்ளலாம். 'வித்து அறக்கூடாது' என்பார் உன் அப்பா, ஏதோ வேதவாக்கு மாதிரி. எரிகிற வீட்டிலிருந்து பாயைக் காப்பாற்றிப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் போட்டுவைக்கிற புத்தி இது. அந்த வீடு எரிந்த பிறகு, 'பாவம், என்ன பாவம் செய்தார்களோ' என்று உச்சுக்கொட்டுவதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் கோழிகளுக்கு இதே சளி வந்தது. நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஒரு வெள்ளைப் பெட்டையையும் ஒரு புள்ளிப் பெட்டையையும் பிடித்துக் காலைக் கட்டினார். யாருக்கு என்று கேட்டேன். மும்தாஜ் வீட்டுக்கு என்றார். அவரிடம் அப்போது முப்பது கோழிக்குமேல் இருந்தன. அவர் கணவர் தையல் கடையில் வேலை பார்க்கிறவர், வீட்டுச் செலவை அவரே பார்ப்பார், அக்கா கையில் எதையும் கொடுக்க மாட்டார். "இதுங்கதான் என் கைக்காசு நடமாட்டம்மா. யார்கிட்டயும் போயி நிக்காம இருக்கேன்னா இதுங்களாலதான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளைப் பெட்டையை உன் அப்பா என் முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு அந்த நாற்றம் வந்தது. லேசாகத்தான். ஆனால் வந்தது. புள்ளிப் பெட்டையின் மூக்கு ஓரத்தில் தவிடு ஒட்டிக் காய்ந்திருந்தது. மூக்கு ஒழுகாத கோழிக்கு அங்கே தவிடு ஒட்டாது.

நான் விலங்கியல் படித்தவள். ஆலையில் தறி ஓட்டிய அப்பனுக்கும் களை எடுத்த அம்மாவுக்கும் பிறந்து, எங்கள் வம்சத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதியவள். கிருமி எப்படித் தொற்றும் என்று பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவள். உன் அப்பா திரும்பிப் பார்த்து, "இன்னா மேடம், எதனா சொல்லணுமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனாலும் கேட்டாரே! "ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் போனார். தெருவில் என்னை அடக்கமான பெண் என்பார்கள். அந்த அடக்கத்தின் லட்சணம் இதுதான். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. போகக்கூடாது.

பத்து நாள் கழித்து மும்தாஜ் அக்கா நம் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தெருவிலேயே நின்றார்.

"இல்லம்மா, உள்ள வரமாட்டேன். என் வூட்டுக் கோழிங்களுக்குச் சீக்கு. பாதி போயிடுச்சி. உங்களுதுங்கள வெளிய வுடாதீங்க, சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

நோயைக் கொடுத்த வீட்டுக்கு நோயைப் பற்றி எச்சரிக்கை சொல்ல வந்திருந்தார், கதிர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு "சரிக்கா" என்றேன். உள்ளே இருந்து உன் அப்பா, "சந்தக் கோழி எதனா வாங்கி வுட்டிருப்பீங்க" என்று குரல் கொடுத்தார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடியும் இருக்கும்ணே" என்றார். அந்த வாரம் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் மிச்சக் கோழிகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு அவர் வீட்டுக்கு வந்தாராம். "சீக்குக் கோழிய அடுத்தவன் தட்டுல வெக்கறதுக்கா நான் அஞ்சு வேள தொழுவுறேன்?" என்று விரட்டிவிட்டாராம். ஒவ்வொன்றையும் அவரே புதைத்தார். மறுபடி இரண்டு குஞ்சிலிருந்து தொடங்கி அந்தக் கூட்டத்தைச் சேர்க்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷம் பெருநாளைக்குத் தன் மகளுக்கு ஒரு வளையல் வாங்க அவர் கணவரிடம் கேட்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உனக்குத் தோசை வார்த்தேன்.

நீ புது ஊருக்குப் போகிறாய், புத்தி சொல்ல வேண்டிய நேரம் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். சிரித்த முகம், கேட்காமலேயே உதவி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருவருக்கு எதையாவது கொடுக்கும்போது, இதை எனக்கு யாராவது கொடுத்தால் உண்மை தெரிந்தும் வாங்கிக்கொள்வேனா என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார். வாங்கமாட்டேன் என்றால் அது குப்பை. குப்பையைக் குப்பையென்று சொல்லிப் போடு. காய்ச்சல் வந்தால் அறையில் படு, ஆறு பேர் தங்கும் விடுதியில் 'சும்மா சளிதான்' என்று நடமாடாதே. தெரியாததைச் சொல்லிக்கொடுக்காதே. முக்கியமாக, நல்லவன் என்ற பெயர் சுலபமாகக் கிடைத்தால் அதை நம்பாதே. எனக்கு அது வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகக் கிடைத்தது. உனக்கு வாயைத் திறந்ததற்காகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே சரக்குதான்.

கோழிகள் விஷயத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை, சொல்கிறேன். அவை மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போகாது. வேறு எந்த வீட்டுக்கும், எந்தச் சந்தைக்கும் போகாது. மருந்து கொடுத்த பிறகு இத்தனை நாள் கறியைச் சாப்பிடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்ன கெடு எப்போதோ முடிந்துவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை காலையில் நீயும் அப்பாவும் அறுக்கப்போகிறீர்கள். கருஞ்சேவலையும்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அப்பாவிடம் கொடுத்துவிட்டு நழுவாதே. பிடித்து வைத்திருப்பது உன் கை. சாப்பிட முடிந்தால் சாப்பிடுங்கள், எனக்கு வேண்டாம். கூண்டிலிருக்கும் வைக்கோலையும் எருவையும் எரித்துவிட்டு, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் திறந்து போட்டுவிடு. கோடை முடியும்வரை அங்கே ஒரு குஞ்சுகூட வராது. உன் அப்பா வித்து என்று வாயைத் திறந்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. அந்த மாத்திரை வீடியோவை எடுத்துவிட்டு, இரண்டு செத்ததையும் சொல்.

இதெல்லாம் உத்தரவு. கேட்க வேண்டியது ஒன்றுதான், அதை எழுதத்தான் எட்டுப் பக்கமும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலையெல்லாம் முடித்துக் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்ட பிறகு, மும்தாஜ் அக்கா வீட்டுக்கு என்னோடு வருகிறாயா? அவர் ஆசையாகக் காத்திருக்கிற கோழிகளைப் பற்றி நீ சொல்ல வேண்டும். வெள்ளைப் பெட்டையையும் புள்ளிப் பெட்டையையும் பற்றி நான் சொல்வேன். அவர் திட்டுவார். அழவும் செய்வார். இனிமேல் நம்மோடு பேசாமலும் போகலாம். என்ன சொன்னாலும் நீ சிரித்துச் சமாளிக்காதே, எனக்காகப் பரிந்து பேசாதே. பக்கத்தில் நின்றால் போதும். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, கதிர். கூட வா.

அம்மா